காரணம்: தேநீர்

"என் கணவர் என்னை மிரட்டுகிறார்" என்ற முதல் வாக்கியத்தையே மாமியார் சிவப்பாக்கியது.

வேலங்காட்டுப்பாளையம் காவல் நிலையத்தில் மாமியார் என்றால் ரைட்டர் மேசைமேல் இருந்த திரை. அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் 'புறநிலை அறிக்கைச் சரிபார்ப்பி'. அந்தப் பெயரை மூச்சு வாங்காமல் முழுசாகச் சொன்ன காவலர் மாவட்டத்திலேயே கிடையாது. எதை எழுதிக் கொடுத்தாலும் ஒரு நொட்டை சொல்வதால், வந்த ஆறாம் மாதமே அது மாமியார் ஆகிவிட்டது. யார் பார்த்தது, எப்போது, எத்தனை தடவை என்று கேட்கும். கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, விரல்விட்டு எண்ணியது என்றால் பச்சை. 'வேண்டுமென்றே', 'கொடூரமாக', 'கெட்ட எண்ணத்தோடு' என்று ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தால் சிவப்பு.

ரைட்டர் சுகந்திக்கு இதெல்லாம் மனப்பாடம். ஏட்டாகிப் பன்னிரண்டு வருஷம், எழுத்து மேசையில் ஒன்பது வருஷம். மாவட்டத்தில் அதிகப் பச்சை வாங்கியதற்காக எஸ்.பி. கையால் கேடயம் வாங்கியவள். ஆனால் நாற்பது நாளாக அவளால் அந்த மேசை நாற்காலியில் உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைத் திருகிக்கொண்டே இருந்தாள். அது கைதிக்குப் போடுவதல்ல, ரைட்டருக்குப் போடுவது. எழுதுகிறவர் தெரிந்தே பொய் எழுதினால் நாடியும் வியர்வையும் காட்டிக்கொடுக்கும் என்று மாமியாரோடு சேர்ந்து வந்த சீதனம்.

"மிரட்டுறாருன்னா என்னங்க பண்ணுனாரு?" என்று எதிரே இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

அவள் பெயர் வர்ஷினி. இருபத்தெட்டு வயது. பனியன் கம்பெனியில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தாள். கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

"ஒண்ணும் பண்றதில்லீங்க."

"ஏதாவது சொல்றாரா?"

"சொல்றதும் இல்லீங்க. சத்தம் போட்டுக்கூடப் பேச மாட்டாரு. அதைச் சொன்னா எங்கம்மாவே என்னையத்தான் திட்டுது."

"சரி, நடந்ததை மட்டும் சொல்லுங்க. உங்க கண்ணுல பட்டதை."

வர்ஷினி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நாலு மாதமாக அவளும் ஆறு வயது மகளும் உள்ளறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுக்கிறார்கள். கணவன் கவின்ராஜ் கூடத்தில் படுக்கிறான். அந்தத் தாழ்ப்பாளில் நாலு ஸ்க்ரூ. மூன்று வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிந்து வந்தபோது சாப்பாட்டு மேசையில் அவளுடைய தட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ இருந்தது. கவின்ராஜ் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டு ஸ்க்ரூ, வரிசையாக. போன வெள்ளிக்கிழமை மூன்று.

"இப்ப தாழ்ப்பாள்ல ஒண்ணுதானுங்க இருக்குது," என்றாள். "நாளைக்கு வெள்ளிக்கிழமை."

சுகந்தியின் கை பட்டையைத் திருகுவதை நிறுத்தியது.

"நீங்க அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டனுங்க. 'சாப்பிடு, ஆறுது'ன்னாரு."

சுகந்தி எழுதினாள். தேதி, கிழமை, ஸ்க்ரூவின் எண்ணிக்கை, தட்டுக்கும் அதற்கும் இருந்த தூரம். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. எட்டு வாக்கியமும் பளிச்சென்று பச்சை. அடியில் மாமியார் அபாய எண்ணைக் காட்டியது. நூற்றுக்கு ஒன்பது.

அறுபதைத் தாண்டினால் அறிக்கை அப்படியே மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போய் அன்றைக்கே பாதுகாப்பு உத்தரவு வரும். கணவன் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். அறுபதுக்குக் கீழே என்றால் அடுத்த மாதம் ஒரு தேதி கொடுத்து இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அடுத்த மாதத்துக்குள் எத்தனை வெள்ளிக்கிழமை வருகிறது என்பது மாமியாரின் கவலை இல்லை.

மாமியாரைச் சுகந்தி ஒரு காலத்தில் மனதார வரவேற்றாள். அதற்கு முன்னால் ரைட்டர்கள் எழுதிய புகார்களை அவளும்தான் எழுதியிருக்கிறாள். வேலித் தகராறோ, கோழித் தகராறோ, எல்லாவற்றிலும் 'அசிங்கமாகத் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்து' என்ற மூன்றும் பூணூல் இழை போல மாறாமல் வரும். கடைசி வரி 'எனக்கும் என் குடும்பத்தாருக்கும் உயிர் பாதுகாப்பு அளிக்குமாறு' என்று முடியும். எல்லோருடைய உயிருக்கும் ஆபத்து என்று எழுதி எழுதி, யாருடைய உயிருக்கு ஆபத்து என்று யாருக்கும் தெரியாமல் போனது. ஸ்டேஷன் கழிவறையில் வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டவர்களின் கதை தனி. மாமியார் வந்த நாளிலிருந்து ஒரு ஆள் வழுக்கி விழவில்லை. விழுந்ததைப் பார்த்தது யார் என்று அது கேட்கும் அல்லவா. அந்த ஒரு காரியத்துக்காகவே அதற்குக் கோயில் கட்டலாம் என்று சுகந்தி பயிற்சிக் கல்லூரியில் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

அதெல்லாம் லோகேஸ்வரி சாவதற்கு முன்.

லோகேஸ்வரி இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளும் கணவனைப் பற்றித்தான் சொன்னாள். "அவரு சிரிக்கிறப்பத்தான் பயமா இருக்குதுங்க" என்று சொன்னாள். "பயத்தையெல்லாம் எழுத முடியாதுங்க, என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க" என்றாள் சுகந்தி. லோகேஸ்வரி சொன்னாள். ஐந்து வரி. ஐந்தும் பச்சை. அபாய எண் பதினொன்று. பதினோராம் நாள் அவளைக் கணவன் சமையலறையில் வைத்து வெட்டினான். அதன்பின் அறிக்கையைத் தணிக்கை செய்த மேலதிகாரிகள் அதில் ஒரு குறையும் இல்லை என்று எழுதி, ரைட்டருக்கு நூற்றுக்கு நூறு போட்டார்கள். அந்த நூறு வந்த நாளிலிருந்துதான் சுகந்தியால் தன் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"வேற என்ன பார்த்தீங்க?" என்று வர்ஷினியிடம் கேட்டாள்.

அதற்கு மேல் எடுத்துக்கொடுத்துக் கேட்க முடியாது. மாமியார் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். 'கத்தி வைத்திருந்தாரா' என்று கேட்டால் ரைட்டர் வழிநடத்தினார் என்று சொல்லி மொத்தத்தையும் அழித்துவிடும்.

"வேற ஒண்ணும் இல்லீங்களே."

"அவரை விடுங்க. நீங்க என்ன பண்றீங்க? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து காலையில கிளம்பற வரைக்கும்."

வர்ஷினி யோசித்தாள். தன்னைப் பற்றி யாரும் கேட்காததால் அவளுக்கே அது புதுசாக இருந்தது போல மெதுவாகச் சொன்னாள். கதவுக்கு அண்டக்கொடுத்து அரிசி டிரம்மை நகர்த்தி வைக்கிறாள். அது தனியாக நகராது, மகளும் தள்ளுவாள். செருப்பைப் போட்டுக்கொண்டே படுக்கிறாள். மகளுக்கும் ஷூ போட்டுப் படுக்கவைக்கிறாள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் ரேஷன் கார்டும் மூன்று வாரமாகப் பள்ளிக்கூடப் பையில், நோட்டுகளுக்கு அடியில் இருக்கின்றன.

சுகந்தி ஒன்றொன்றாக எழுதினாள். டிரம்மின் எடை, ஷூவின் நிறம், பையின் எந்த அறை என்பது வரைக்கும். பச்சை, பச்சை, பச்சை. எண் இருபத்தேழுக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது.

அவள் எழுந்து இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் மாணிக்கவாசகம் கெட்ட மனிதர் இல்லை. ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது, அவ்வளவுதான்.

"சார், இந்தப் பொண்ணுக்கு நாளைக்குள்ள உத்தரவு வேணும். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புங்க."

"எண் எத்தனைம்மா?"

"இருபத்தேழு."

"இருபத்தேழை நான் அனுப்புனா அவன் வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேப்பான். மெஷின் பார்க்காததை நீ எங்க பார்த்தேன்னு. நான் என்ன சொல்லட்டும்? எங்க ரைட்டருக்கு அப்படித் தோணுச்சுங்கய்யான்னா? முன்னாடி நமக்குத் தோணுனதையெல்லாம் எழுதித்தானேம்மா எத்தனையோ பேரை உள்ள வெச்சோம்."

"தெரியுதுங்க சார்."

"லோகேஸ்வரி விஷயம் உங்க மனசுல இருக்குது. அது உங்க தப்பில்ல. நூத்துக்கு நூறு போட்டிருக்காங்க."

அந்த நூறை மறுபடி கேட்டதும் சுகந்தி திரும்பி வந்துவிட்டாள்.

மேசைக்குப் பக்கத்தில் உதவி ரைட்டர் நவநீதன் சம்மன் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டம்மா, உங்க நாடி நூத்திப் பதினெட்டுல நிக்குது. டீன்னு போட்டு முடிச்சு உடுங்க. அந்தப் பொண்ணுக்கும் பர்மிஷன் முடியப் போகுது," என்றான்.

அறிக்கையை மூடும்போது பட்டையின் எண் தொண்ணூறைத் தாண்டியிருந்தால் மாமியார் காரணம் கேட்கும். கீழே ஒரு பட்டியல் விரியும். காய்ச்சல், வெயில், படியேறியது, தேநீர், மற்றவை. 'மற்றவை' என்று போட்டால் ஒரு காலிக் கட்டம் திறக்கும். அதில் விளக்கம் எழுத வேண்டும், அந்த விளக்கமும் பச்சையாக வேண்டும், மறுநாளே மேலிடத்திலிருந்து மெமோவும் வரும். ஆகையால் எந்த ரைட்டரும் அந்தப் பக்கமே போவதில்லை. எல்லோரும் தேநீர்தான். மாவட்ட ஆவணங்களை நம்பினால் ரைட்டர்கள் டீயிலேயே குளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எண்ண வேண்டும்.

சுகந்தியின் விரல் பழக்கத்தில் தேநீர் மேல் போய் நின்றது. அப்படியே நின்றது.

"நவநீதா, நான் டீ குடிச்சு எத்தனை நாளாச்சு?"

"நீங்க எங்க குடிக்கறீங்க? அல்சர்னு விட்டு மூணு வருசமாச்சே."

லோகேஸ்வரியின் அறிக்கையை அவள் திறந்தாள். அந்த ஐந்து வரியை இந்த நாற்பது நாளில் எத்தனையோ தடவை படித்திருக்கிறாள். அதற்குக் கீழே, யாரும் படிக்காத சின்ன எழுத்தில், எழுதுபவர் நிலை என்ற வரி இருந்தது. நாடி 121. காரணம்: தேநீர்.

அன்றைக்கு அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. அந்தப் பெண் சொல்வதைக் கேட்டு அவளுடைய உடம்பு நடுங்கியிருக்கிறது. உடம்பு சொன்னதை மாமியார் பிசகாமல் எழுதியிருக்கிறது. அந்த அறிக்கையிலேயே ஒரே ஒரு பொய்தான் இருந்தது, அதைச் சொன்னது சுகந்தி.

அவள் 'மற்றவை'யைத் தொட்டாள்.

"ஏட்டம்மா, என்ன பண்றீங்க?" என்றான் நவநீதன்.

காலிக் கட்டத்தில் 'மனுதாரர் பயந்திருக்கிறார்' என்று எழுதினாள். சிவப்பு. பிறர் மனதுக்குள் இருப்பதை நீங்கள் பார்க்க முடியாது என்றது மாமியார். சரிதான். அதை அழித்துவிட்டு எழுதினாள்: 'எனக்குப் பயமாக இருக்கிறது.'

வாக்கியம் நிறம் மாறாமல் நின்றது. யார் கண்டது என்று கேட்டது. பட்டை என்று எழுதினாள். எவ்வளவு என்று கேட்டது. நூற்றுப் பதினெட்டு. எப்போது என்று கேட்டது. 'தாழ்ப்பாளில் ஒரு ஸ்க்ரூ மீதி இருக்கிறது, நாளை வெள்ளிக்கிழமை என்று மனுதாரர் சொன்ன நிமிடத்தில் எழுபத்து நான்கிலிருந்து நூற்றுப் பதினெட்டுக்கு ஏறியது. நான் இன்று தேநீர் குடிக்கவில்லை.'

மாமியார் தன்னுடைய பட்டையைத் தானே கேட்டுப் பார்த்தது. பிறகு அத்தனையும் பச்சையானது. அபாய எண் இருபத்தேழிலிருந்து ஏறத் தொடங்கி எழுபத்தொன்றில் நின்றது.

"உத்தரவு வந்துருமுங்க," என்று வர்ஷினியிடம் சொன்னாள். "இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துரும். பாப்பாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிட்டு வந்து இங்கயே இருங்க."

வர்ஷினி அப்போதுதான் அழுதாள். சுகந்தி தண்ணீர் பாட்டிலைத் தள்ளிக் கொடுத்தாள். அவளுக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டாள். பட்டை இன்னும் கையில்தான் இருந்தது.

அந்த உத்தரவால் கவின்ராஜ் வீட்டைவிட்டு வெளியேறினான். அதோடு இன்னொன்றும் நடந்தது. அறிக்கைக்குள் தன்னைப் பற்றி எழுதியவர் அந்த வழக்கில் சாட்சி ஆகிவிடுகிறார். சாட்சி ஆனவர் எழுத்து மேசையில் உட்காரக் கூடாது என்று விதி. மெமோவுக்குப் பதில் எழுதுவதற்குள் சுகந்தியைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். பட்டையை நவநீதன் கட்டிக்கொண்டான்.

எதிர்தரப்புக்கு அறிக்கையின் நகல் கொடுக்க வேண்டும். அதை வாங்கக் கவின்ராஜ் தானே வந்தான். கம்பெனியில் அவனுக்குத் துணியில் பழுது பார்க்கிற வேலை, குவாலிட்டி கன்ட்ரோல். இஸ்திரி கலையாத சட்டை, மெதுவான குரல். நாலு பக்கத்தையும் நின்றபடியே கடைசி எழுத்து வரை படித்தான்.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்று நவநீதனிடம் சொன்னான். "ஒரு வார்த்தை கூட்டலோ குறைச்சலோ இல்லீங்க. இந்த நூத்திப் பதினெட்டு மட்டும் யாருதுங்க?"

நவநீதன் சொல்லத் தேவை இருக்கவில்லை. பெயர் அடியில் இருந்தது. கவின்ராஜ் தபால் பிரிவுப் பக்கம் திரும்பி, சுகந்தியைப் பார்த்து, தெரிந்தவர்களைப் பார்த்தால் செய்வது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

அடுத்த ஆறு வாரத்தில் மாவட்டம் பூராவும் ரைட்டர்களுக்குப் பயம் வந்தது. சுகந்தி எழுதியது வாய்வழியே பரவி, நாற்பத்தொரு அறிக்கைகளில் அந்த வரி ஏறிவிட்டது. அதில் சில பெண்கள் பிழைத்தார்கள். சுகந்திக்கு அது தெரியும், ஒருத்தி நேரில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு போனாள். ஆனால் வேறொரு ஊரில், தெருமுனையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்த ஒரு வடநாட்டுத் தொழிலாளியைப் பார்த்தும் ஒரு ரைட்டருக்கு நாடி நூற்றைந்து ஆனது. அவருக்கு நிஜமாகவே பயம், பட்டை பொய் சொல்லாது. அந்த ஆள் ஒரு குற்றமும் செய்யாமல் எட்டு நாள் உள்ளே இருந்தான். செய்தி வந்த அன்றைக்குச் சுகந்தி சாப்பிடவில்லை. பயத்துக்கு வழி திறந்துவிட்டது நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

ஏழாம் வாரம் சுற்றறிக்கை வந்தது. எழுத்து மேசையில் உட்காரும் முன் ஒவ்வொரு ரைட்டரும் நாடியை நிதானப்படுத்தும் மாத்திரை ஒன்று போட வேண்டும். மதியம் மறுபடி ஒன்று. அதைத் தபாலில் பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, நவநீதன் மேசையில் கொண்டுபோய் வைத்ததே சுகந்திதான்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை காலையில் அவள் வீட்டு கேட் தூண்மேல் ஒரு ஸ்க்ரூ இருந்தது.

யாரோ வேலைக்காரர்கள் மறந்து வைத்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவள் கணவன் வெளியூர் பஸ் டிரைவர். வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டான், அந்த வெள்ளிக்கிழமையும் இல்லை. எதிர்ப் பேக்கரியில் கவின்ராஜ் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வர்ஷினியின் வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று அவனுக்கு உத்தரவு. பேக்கரியில் டீ குடிக்கக் கூடாது என்று எந்த மாஜிஸ்ட்ரேட்டும் சொல்லவில்லை.

இரண்டாம் வெள்ளிக்கிழமை இரண்டு. மூன்றாம் வெள்ளிக்கிழமை மூன்று, கோடு போட்ட மாதிரி வரிசையாக. ஒவ்வொரு தடவையும் எதிரே அவன் இருந்தான். அவன் தூண் பக்கம் வந்ததை ஒரு தடவைகூட அவள் பார்க்கவில்லை. முதல் இரண்டு தடவை இருந்ததை எடுத்து வீசிவிட்டாள். மூன்றாம் தடவை கைக்குட்டையால் எடுத்துத் தடயப் பையில் போட்டாள். அன்றிலிருந்து படுக்கும்போது கதவுக்குப் பின்னால் துணி துவைக்கிற மெஷினை இழுத்து வைத்தாள். யூனிஃபார்ம் ஷூவைக் கழற்றாமல் படுத்திருக்கிறோம் என்பது வியாழக்கிழமை விடிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று காலையே ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சேலை கட்டிக்கொண்டு. புகார்தாரர் சீருடையில் உட்காரக் கூடாது என்பதும் விதிதான்.

வழியெல்லாம் அந்த அறிக்கையை மனதுக்குள் எழுதிப் பார்த்தாள். ஒன்பது வருஷப் பழக்கம், தானாக வந்தது. 'என் வீட்டு கேட் தூணில் மூன்று ஸ்க்ரூக்கள் இருந்தன. அவற்றை யார் வைத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. எதிரே உள்ள பேக்கரியில் ஒருவர் தேநீர் குடித்தார்.' எல்லாம் பச்சை. அபாய எண் ஆறு, மிஞ்சினால் ஏழு. துணி துவைக்கிற மெஷினையும் ஷூவையும் சேர்த்தால் இருபது வரலாம். அதைவிட நன்றாக அதை எழுத அவளாலேயே முடியாது.

நவநீதன் அவளைப் பார்த்ததும் பாதி எழுந்தான். அவள் எதிர் நாற்காலியில், வர்ஷினியும் லோகேஸ்வரியும் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவனும் உட்கார்ந்தான். மாமியார் கேட்டுக்கொண்டிருந்தது.

"உங்க பேரு?" என்றான்.

"சுகந்தி. தலைமைக் காவலர், இதே ஸ்டேஷன்."

"சொல்லுங்க. நடந்ததை மட்டும்."

சொன்னாள். தடயப் பையை மேசையில் வைத்து, மூன்று ஸ்க்ரூவையும் எண்ணிக் காட்டினாள். எத்தனையோ பேரைச் சொல்லவைத்தவள் தன்னுடையதை இரண்டு தடவை முதலிலிருந்து தொடங்கினாள். தலையாட்டியதைச் சொன்னபோது அது எவ்வளவு அற்பமாகத் தொனிக்கிறது என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. லோகேஸ்வரிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

நவநீதன் எழுதிக்கொண்டே வந்தான். சுகந்தியின் கண் திரையின் மூலைக்குப் போனது. அவனுடைய நாடி அறுபத்தாறு. மூன்று ஸ்க்ரூ என்றபோதும் அறுபத்தாறு. நாளைக்கு வெள்ளிக்கிழமை என்றபோதும் அறுபத்தாறு. அபாய எண் ஏழு.

அவள் அதைப் பார்ப்பதை அவன் பார்த்தான். கையை நீட்டி இடைநிறுத்தத்தை அழுத்தினான். திரை மங்கியது.

"காலையில எட்டு மணிக்கு ஒரு மாத்திரை போட்டனுங்க அக்கா," என்றான். அதுவரைக்கும் அவன் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை. "அதுதான் இப்படி நிக்குது. எனக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியல. மரத்துப் போன மாதிரி இருக்குது."

"தெரியும். சுற்றறிக்கையை நான்தானே கொண்டாந்து வெச்சேன்."

"ஒரு மாத்திரை எட்டு மணி நேரம் நிக்கும்னு அட்டையில போட்டிருக்குது. நாலு மணிக்கு இறங்கிரும். உக்காந்திருக்கறீங்களா?"

"மதியம் இன்னொண்ணு போடணுமே."

"போடணும்."

அவன் மேசைமேல் இருந்த மாத்திரை அட்டையை எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினான்.

"உன் டூட்டி ரெண்டு மணியோட முடியுதே, நவநீதா."

"முடிஞ்சா என்னங்க? இந்தக் கேஸை எழுதிட்டுத்தான் போவேன்."

"மெமோ வரும். என்னையாவது தபாலுக்குப் போட்டாங்க. உனக்கு ரெண்டு பிள்ளைங்க."

"வரட்டுங்க."

சுகந்திக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது. எட்டு நாள் உள்ளே இருந்த அந்த வடநாட்டு ஆள் நினைவுக்கு வந்தான். கேட்காமல் இருந்தால் அது நியாயம் இல்லை என்று பட்டது.

"நாலு மணிக்கும் உனக்குப் பயம் வரலைன்னா?"

ஆறுதலுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம், நவநீதன் சொல்லவில்லை.

"வரலைன்னா வரலைன்னுதான் எழுதுவனுங்க அக்கா."

அவள் தலையாட்டினாள். எழுத்து மேசைக்கு அவனைவிட்டால் வேறு யாரும் லாயக்கில்லை என்று அந்த நிமிடத்தில் தோன்றியது. பயமும் அப்படியே இருந்தது.

வாசலில் டீக்காரர் தூக்குப் போணியோடு வந்து நின்றார். மேசைமேல் வழக்கமான கிளாஸை வைக்கப் போனார்.

"எனக்கு வேண்டாமுங்க," என்றான் நவநீதன். "இன்னைக்குப் பூராவும் வேண்டாம்."

சுகந்தி தடயப் பையை எடுத்துக்கொண்டு எழுந்து, புகார் கொடுக்க வந்தவர்கள் காத்திருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று இருபது.